கோஷா வண்டி மேல் ஒரு பொறாமை

நம் வயதுக்காரிகள் நாலு பேர் ஓரிடத்தில் உட்கார்ந்தால் முதலில் முழங்கால் வலி வரும், அடுத்து மருமகள் வருவாள். இன்றைக்கு அந்த இரண்டையும் கொஞ்ச நேரம் வெளியே நிறுத்திவையுங்கள். நான் என் பொறாமையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நகைக்கும் சேலைக்கும் பட்ட பொறாமை இல்லை; அதெல்லாம் பிற்பாடு வந்தது, வந்த வழியே போயும் விட்டது. இது சிறுபிள்ளையில், ஆம்பூரில், ஒரு வண்டியின் மேல் பட்ட பொறாமை.

இப்போது என்னைப் பார்க்கிறவர்கள் நம்பமாட்டார்கள். பந்தியில் குழம்பில் உப்பு கம்மி என்று சமையல்காரனைக் கூப்பிட்டுச் சொல்கிறவள் நான்தான். கோவில் சங்கத்துக் கூட்டத்தில் போதகர் ஐயரையே இடைமறிக்கிறவளும் நான்தான். ஆனால் பள்ளிக்கூடம் போன நாளில் எனக்கு மனுஷர் கண் என்றால் நடுக்கம். தெருவில் இறங்கினால் ஊர்க் கண் மொத்தமும் என் மேல்தான் என்று தோன்றும். உடனே கால் பின்னிக்கொள்ளும். கையை வீசுவதா மடக்குவதா என்று தெரியாது. யாராவது “இன்னா பாப்பா, எங்க போற?” என்று கேட்டுவிட்டால் காது மடல் கொதிக்கும். பிறர் பார்க்கச் சாப்பிடமாட்டேன். கோவிலில் பாட்டுக்கு வாய் மட்டும் அசையும், சத்தம் வராது. வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரைக்கும் சுவரை ஒட்டி, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போவேன். அந்தத் தெருவில் யார் யார் இருந்தார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. யார் யாருக்கு எந்த மாதிரிச் செருப்பு என்று கேளுங்கள், சொல்கிறேன்.

எங்கிருந்து பிடித்தது அந்தப் பயம் என்று யோசித்தால், அப்பாவின் வேலையிலிருந்து கொஞ்சம் என்று படுகிறது. அப்பா தோல் ஷாப்பில் தரம் பிரிக்கிறவர். அந்தக் காலத்தில் டேனரி என்று சொல்கிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது, ஷாப்புதான். பதனிட்டுக் காய்ந்த ஆட்டுத்தோலை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். கீறல், ஓட்டை, உண்ணி கடித்த தழும்பு எல்லாம் அந்த வெளிச்சத்தில் காட்டிக் கொடுத்துவிடும். ஒரு பார்வை, ஒரு தடவல், அவ்வளவுதான். “ஒண்ணு”, “ரெண்டு”, “கழிசல்” என்று சொல்லிக்கொண்டே குவியலில் வீசுவார். தினமும் சோறு கொண்டுபோய் அதைப் பார்த்துப் பார்த்து, மனுஷர் மனுஷரைப் பார்ப்பதும் அப்படித்தான் என்று எனக்குள் ஊறிவிட்டது.

வீட்டிலும் என்னைத் தரம் பிரித்துத்தான் வைத்திருந்தார்கள். அம்மாவுக்கு நான் ஊமைக்கோட்டான். நாக்கு தடித்திருக்கிறது என்று வசம்பைச் சுட்டுத் தேய்ப்பாள், அந்தக் கசப்பு சாயந்தரம் வரைக்கும் போகாது. அப்பாவுக்கு நான் அடக்கமான பெண். அதில் அவருக்குப் பெருமைகூட. பள்ளிக்கூடத்து டீச்சரம்மாவுக்கு நான் திமிர் பிடித்தவள். “கேட்டா பதில் சொல்றதுக்கு இன்னா? வாயில கொழுக்கட்டையா?” என்பாள். பயம் என்று ஒரே ஒருத்தருக்குக்கூடத் தோன்றவில்லை. இத்தனைக்கும் பெரியவர்கள் எல்லாரும் கண்ணும் காதும் உள்ளவர்கள்தான்.

அதனால் எனக்கு எல்லார் மேலும் பொறாமை. வாயாடிகள் மேல் பொறாமை. தெருவில் புரண்டு புரண்டு அழுகிற குழந்தை மேல் பொறாமை. நடுச் சந்தையில் கூச்சமில்லாமல் படுத்து அசைபோடுகிற எருமை மேல்கூடப் பொறாமை. இவை எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது அந்த வண்டி.

ஷாப்பு முதலாளி சாயபுவின் வீடு ஷாப்புக்குப் பின்னால் இருந்தது. அங்கே போகிற சந்து குறுகல், வண்டி நுழையாது. ஆகவே அந்த வீட்டுப் பெண்கள் வெளியே போய் வந்தால் வண்டி ஷாப்பு வாசலில் நிற்கும். அவர்கள் இறங்கி, ஷாப்பு முற்றத்தைக் கடந்து, பின்பக்கக் கதவு வழியாக வீட்டுக்குப் போவார்கள். நான்கு பக்கமும் பச்சைக் கோடு போட்ட திரை தொங்கும் ஜட்கா அது. கோஷா வண்டி என்போம். அதில் சாயபுவின் மகள் தினமும் குர்ஆன் சொல்லிக்கொடுக்கிற உஸ்தானி வீட்டுக்கு ஓதப் போவாள். என்னைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவளாக இருக்கலாம். அந்த வருஷம்தான் வெளி ஆண்கள் கண்ணில் படக்கூடாது என்று கோஷாவில் உட்கார்த்தி வைத்திருந்தார்கள்.

வண்டி வந்து நின்றதும் வாசல்காரர் தடியைத் தரையில் தட்டி, “கோஷா! கோஷா!” என்று குரல் கொடுப்பார். அவ்வளவுதான், முற்றத்தில் இருக்கிற அத்தனை ஆண்களும் சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவார்கள். சுண்ணாம்புத் தொட்டியில் முழங்கால் வரைக்கும் நிற்கிறவன் நின்றபடியே திரும்புவான்; கையில் தூக்கிய தோலிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும். ஆவாரம்பட்டை இடிக்கிறவன் உலக்கையைப் பிடித்தபடி திரும்புவான். பீடி வாயில் இருந்தால் பீடியோடு திரும்புவான். மேஸ்திரியும் திரும்புவார், என் அப்பாவும் திரும்புவார். வெள்ளைத் துப்பட்டி போர்த்திய உருவம் ஒன்று அத்தனை முதுகுகளுக்கும் நடுவே ஆற அமர நடந்து போகும். அது உள்ளே போய்க் கதவு சாத்தின பிறகுதான் ஷாப்புக்கு உயிர் வரும்.

சோற்றுத் தூக்குச்சட்டியோடு மூலையில் ஒண்டிக்கொண்டு இதைப் பார்ப்பேன். வயிறு எரியும். அவளுக்காக ஒரு ஷாப்பே சுவரைப் பார்க்கிறது, எனக்காக ஒரு ஈ காக்கை முகம் திருப்புமா? அவளிடம் வைரத்தோடு இருந்திருக்கும், பட்டு இருந்திருக்கும், அதெல்லாம் எனக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. கர்த்தரே, எனக்கு ஒரு திரை கொடும் என்று ஜெபம்கூடப் பண்ணியிருக்கிறேன்.

அந்த ஐப்பசியில் பாலாற்றில் தண்ணீர் வந்தது. எங்கள் ஆறு மணலாகக் கிடப்பதுதான் வழக்கம் என்பதால், ஊரே வேடிக்கை பார்க்கப் போனது. கூட்டத்துக்குப் பயந்து நான் போகவில்லை. அந்த வாரம்தான் டீச்சரம்மா அப்பாவை வரச் சொன்னாள். இன்ஸ்பெக்டர் வரப்போகிறார், அவர் முன்னால் ஒவ்வொரு பிள்ளையும் நின்று பதில் சொல்ல வேண்டும், சொல்லாத பிள்ளையை மேல் வகுப்புக்கு அனுப்ப முடியாது என்றாள். போன வருஷமும் நான் வாய் திறக்காமல் நின்று அதே வகுப்பில் தங்கியவள்.

அப்பா வீட்டுக்கு வந்து முடிவாகச் சொல்லிவிட்டார். “இந்த வாட்டியும் ஊமையா நின்னா, பள்ளிக்கூடம் போதும். களத்துல மயிர் ஒதறுற பொம்பளைங்களோட போவட்டும்.”

சுண்ணாம்பில் ஊறின தோலிலிருந்து வழித்த ஆட்டு மயிரை ஷாப்புக்கு வெளியே களத்தில் காயவைத்து உதறுகிற வேலை அது. அங்கே வேலை செய்கிற பெண்கள் போகிற வருகிறவர்களை எல்லாம் பேர் வைத்துக் கூப்பிட்டுக் கேலி பண்ணுவார்கள். நாள் முழுக்க அவர்கள் வாயில் விழுந்து எழுவதை நினைத்தாலே எனக்குக் குளிர் கண்டது. அதோடு, சொல்லிவிடுகிறேனே, எனக்குக் கணக்கு என்றால் உயிர். வாய்ப்பாடு மொத்தமும் தலைகீழாகத் தெரியும். சுவரோரம் நடக்கும்போது உதட்டுக்குள் அதைத்தான் சொல்லிக்கொண்டு போவேன். பள்ளிக்கூடம் நின்றுபோனால் அதுவும் போய்விடும்.

மறுநாள் மத்தியானம் சோறு கொண்டுபோகும்போது எனக்கு அந்த யோசனை வந்தது. அம்மா கோவிலுக்கு மட்டும் கட்டுகிற வெள்ளைச் சேலை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அதை எடுத்துத் தலையோடு காலாகப் போர்த்திக்கொண்டேன். யாரையும் ஏமாற்ற வேண்டும் என்று நினைக்கவில்லை. என் முகம் வெளியே தெரியக்கூடாது, அவ்வளவுதான். சேலைக்குள் கஞ்சி வாசனையும் சூடுமாக இருந்தது. தரை மட்டும் ஒரு சாண் தெரிந்தது. எனக்கு அது போதும், வழக்கமாக நான் பார்ப்பதும் அதைத்தான்.

ஷாப்பு வாசலை மிதித்ததும் தடி தட்டுகிற சத்தம். “கோஷா! கோஷா!”

ஒரு கணம் வழி விடுவதற்காக நானே ஒதுங்கினேன். பிறகுதான் புரிந்தது, தூங்கி விழித்த வாசல்காரருக்குக் கோஷா நான்தான்.

சேலையின் இடுக்கு வழியாகப் பார்த்தேன். முற்றம் முழுக்க முதுகுகள். வேர்த்த முதுகு, எலும்பு தெரிகிற முதுகு, சுண்ணாம்பு தெறித்த முதுகு. ஒரு கண் இல்லை! அந்த நடையை என் ஆயுசுக்கும் மறக்கமாட்டேன். முதன்முதலாகக் கையை வீசி நடந்தேன். முற்றத்துக்கு நட்டநடுவில் நடந்தேன். ஓரிடத்தில் ஒரு தத்துத் தத்தினேன்கூட. பட்டை ஊறுகிற தொட்டிப் பக்கம் மெதுவாக நின்று, டீத்தண்ணீர் நிறத்தில் நுரைத்துக் கிடந்ததை வேண்டிய மட்டும் பார்த்தேன். இவ்வளவு சுகமா, தினமும் இதையா அவள் அனுபவிக்கிறாள் என்று அந்தச் சுகத்துக்கு நடுவிலும் பொறாமை முட்டிக்கொண்டு வந்தது.

அப்பா ஜன்னலோரம் ஒரு தோலைத் தூக்கிப் பிடித்தபடி சுவரைப் பார்த்து நின்றார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றேன். யாரும் பார்க்காததால் தொண்டை தானாகத் திறந்துகொண்டது. நல்ல கணீரென்ற குரலில், “அப்பா, சோறு” என்றேன்.

ஷாப்பு மொத்தமும் திரும்பியது.

முதலில் தொட்டியில் நின்றவன் ஒருவன் சிரித்தான். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். “கோஷா கையில தூக்குச்சட்டி பாரு டோய்!” என்று ஒருவன் கத்தினான். நான் சேலைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டேன். மேஸ்திரி மட்டும் சிரிக்கவில்லை. “மொதலாளி வூட்டு அம்மாங்கள கேலி பண்ண சொல்லி அனுப்பினியா?” என்று அப்பாவைக் கேட்டார். அப்பா கையிலிருந்த தோலைப் பார்க்காமலே கழிசலில் வீசினார்.

அன்று அவர் என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. சோற்றைத் தொடாமல் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, “நாலு பேரு முன்னாடி என் தலைய கவுத்துட்டா. நாளைக்கு நான் எப்டி ஷாப்புக்குப் போவேன், இன்னா சொல்லுவாங்க” என்று அம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். என்னைவிடப் பெரிய பயந்தாங்கொள்ளி என் அப்பா என்பது இப்போது தெரிகிறது. அடக்கம் அடக்கம் என்று அவர் என்னிடம் மெச்சியது, தன் பயத்துக்கு அவரே வைத்துக்கொண்ட பேர்.

அடுத்த நாள் சாயபு வீட்டிலிருந்து ஆள் வந்தது, பெண்ணைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லி. அம்மாவுக்குக் கை கால் ஓடவில்லை. வேலை போய்விடும் என்றே நினைத்தாள். பின்கதவு வழியாக உள்முற்றத்துக்குப் போனோம். வழுவழுப்பான சிவப்புத் தரை. ஊதுபத்தி மணம். நான் தரையைப் பார்த்தபடி நின்றேன்.

“சின்னப் புள்ள, தெரியாம பண்ணிட்டா பீபிம்மா. மனசுல வெச்சிக்காதீங்க” என்று அம்மா கும்பிட்டாள்.

முதலாளி அம்மாள் நேரே என்னிடம் கேட்டார். “ஏன் அப்டி பண்ணே? கேலியா?”

நான் கட்டைவிரலால் தரையில் கோடு போட்டேன்.

“பாருங்க பீபிம்மா, வாயே தொறக்காது. ஊமைக்கோட்டான்” என்றாள் அம்மா.

அப்போது உள்ளேயிருந்து கொலுசுச் சத்தம் வந்தது. இரண்டு பாதங்கள் என் முன்னால் வந்து நின்றன. மருதாணி மங்கிய விரல்கள், இடது கட்டைவிரல் நகத்தில் ஒரு வெடிப்பு. “அம்மிஜான், இது கேலி பண்ற பொண்ணு இல்ல. எனக்குத் தெரியும். நான் கேட்டுக்கறேன்” என்றது ஒரு குரல். சாயபுவின் மகளேதான்; என் கையைப் பிடித்துக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

“நான் உனக்குப் பேரு வெச்சிருக்கேன், தெரியுமா?” என்றாள். “செவுத்துப் பல்லி. தினம் வண்டிலேந்து பாக்கறேன். செவுத்துல ஒட்டிக்கினே போற. இன்னாத்துக்கு?”

அவள் பாதத்தைப் பார்த்துச் சொன்னேன். “எல்லாரும் பாக்கறாங்க.”

அவள் சிரித்த சிரிப்பில் கிணற்றுக்குள்ளிருந்தும் ஒரு சிரிப்புக் கேட்டது. “யாரு பாக்கறாங்க? வேர்க்கடல விக்கிறவரு ஈ ஓட்டிக்கினு இருக்காரு. வாசல்காரரு தூங்கி விழறாரு. ஷாப்பு ஆளுங்க பீடிக்கு நெருப்பு கேட்டுக்கினு நிக்கிறாங்க. அந்தக் கருப்பு நாய் இருக்குதே, அதுகூட உன்ன பாக்கல. நானும் தினம் திரை சந்துல பாக்கறேனே, ஒருத்தர் பாக்கணுமே!”

இதைக் கேட்டு எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை, கோபம்தான் வந்தது. இத்தனை வருஷம் நான் பயந்து பயந்து நடந்தது யாருமே இல்லாத நாடகக் கொட்டகைக்கா? ஒரு நாய்கூடவா பார்க்கவில்லை?

“அப்ப நீங்க எதுக்குப் பாக்கறீங்க?” என்று கேட்டுவிட்டேன். அம்மா அப்பாவைத் தவிர ஒருவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

“எனக்கு வண்டில வேற இன்னா வேலை? ஒரே பேஜாரு. திரை போட்ட வண்டின்னா உள்ள யாருன்னு ஊரே மொறச்சிப் பாக்குது. எனக்கு வேர்த்துப் பூடும். நீ வந்தா உன்ன பாத்துக்கினே போவேன். உன் ஒதடு ஆடிக்கினே இருக்கும். இன்னா சொல்லிக்கினு போவே?”

“வாய்ப்பாடு.”

“சொல்லு.”

பதினாறாம் வாய்ப்பாட்டை அந்தப் பாதங்களுக்குச் சொன்னேன். ஒவ்வொரு வரிக்கும் வெடித்த நகமுள்ள விரல் தரையில் ஒரு தட்டுத் தட்டியது. முடித்ததும், “எனக்கு ஒரு எழவும் புரியல. ஆனா தப்பு இல்லாத மாதிரி கேக்குது” என்றாள். அவளுக்குக் கணக்கு மேல் எந்த ஆசையும் இல்லை. எனக்குத்தான் அவள்மேல் இன்னொரு பொறாமை சேர்ந்தது. தெரியாததைத் தெரியாது என்று இவ்வளவு சந்தோஷமாகச் சொல்ல எங்கே கற்றாள்?

முதலாளி அம்மாள் என் அம்மாவிடம் ஒரு தூக்கு ரவை அல்வா கொடுத்தனுப்பினார். அப்பாவின் வேலை போகவில்லை. ஆனால் அப்பாவின் பேச்சு மாறவில்லை: இன்ஸ்பெக்டர் முன்னால் வாய் திறக்காவிட்டால் மயிர் உதறத்தான்.

இன்ஸ்பெக்டர் வந்தார். வெளியூர்க்காரர். ஊருக்குள் நுழைந்ததிலிருந்தே மூக்கில் கைக்குட்டை. என் முறை வந்ததும் போய் நின்றேன். கைக்குட்டை என்னால்தான் என்று நினைத்தேன். என் பாவாடையில் அப்பாவின் ஷாப்பு வாடை இருக்கிறது, அவர் முகர்ந்துவிட்டார், கழிசலில் போடப்போகிறார். காது கொதித்தது.

“பதினாறாம் வாய்ப்பாடு” என்றார், கைக்குட்டைக்குள்ளிருந்து.

நான் அவர் பூட்ஸைப் பார்த்தபடி நின்றேன். டீச்சரம்மாவின் செருப்பு பொறுமையிழந்து தரையைத் தேய்த்தது. அப்போது அந்தக் கிணற்றடிக் கோபம் மறுபடி வந்தது. ஒருத்தர் பாக்கணுமே என்றாளே, பொய்யா மெய்யா என்று பார்த்துவிடுவோம் என்று தலையைத் தூக்கினேன்.

மெய்தான். இன்ஸ்பெக்டர் ஜன்னல் வழியே, தனக்காக மரத்தடியில் சீவிக்கொண்டிருந்த இளநீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சரம்மா இன்ஸ்பெக்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் நெற்றியில் வேர்வை, அவளுக்கும் நடுக்கம். மற்ற பிள்ளைகள் தங்கள் பாடத்தை முணுமுணுத்துக்கொண்டு தங்கள் காலைப் பார்த்திருந்தார்கள். அத்தனை பேரும் என்னைப் போலவே! நான் சொல்ல ஆரம்பித்தேன். பாதி வழியில் இன்ஸ்பெக்டர், “போதும், அடுத்தது” என்றார். நான் நிறுத்தவில்லை. இத்தனை காலம் அடைத்து வைத்ததைப் பாதியில் நிறுத்த முடியுமா? சத்தம் ஏறிக்கொண்டே போனது. அப்போதுதான் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று கடைசி வரி வரைக்கும் சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தேன்.

“கொழுக்கட்டைய முழுங்கிட்டியாடி?” என்று டீச்சரம்மா என் காதைத் திருகினாள். கண் கலங்கியிருந்தது, சந்தோஷமா பயமா தெரியவில்லை. நான் மேல் வகுப்புக்குப் போனேன்.

அதை அவளிடம் சொல்ல வேண்டும் என்று துடித்தேன். மறுநாள் காலையில் தெருவின் நடுவில் நடந்தேன். கோஷா வண்டி எதிரே வந்தது. நான் நகரவில்லை. திரைச் சந்தைப் பார்த்துச் சிரித்தேன். வண்டிக்காரர், “ஓரமா போ புள்ள, கண்ணு தெரியல?” என்று அதட்டிக்கொண்டு போனார். திரை அசையவே இல்லை. அதற்கடுத்த நாளும் அப்படித்தான். அப்புறம் அம்மா சொன்னாள், வண்டியில் இப்போது போகிறது முதலாளி அம்மாளாம். மகளுக்குப் பேரணாம்பட்டில் சம்பந்தம் முடிவாகி, தாய்மாமன் வீட்டில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்களாம்.

அன்றைக்கு, நேரில்தான் முடியவில்லை, மனசுக்குள்ளாவது அவளைக் கூப்பிட்டு வைத்துச் சொல்லலாம் என்று கண்ணை மூடினேன். கொலுசு வந்தது. மருதாணி வந்தது. வெடித்த நகம் வந்தது. “செவுத்துப் பல்லி” என்று குரலும் வந்தது. முகம் வரவில்லை. எப்படி வரும்? அன்று கிணற்றடியில் ஒரு தடவைகூட நான் நிமிர்ந்து பார்க்கவில்லையே.

அதற்குப் பிறகு பேரணாம்பட்டுக்கு எத்தனையோ கல்யாணத்துக்குப் போயிருக்கிறேன். அங்கத்து சாயபுமார் வீடுகளில் நம் தோல் ஷாப்புக் குடும்பங்களையும் அழைப்பார்கள். பெண்கள் பக்கம் உட்கார்ந்து, வருகிற ஒவ்வொரு முகத்தையும் வெட்கமில்லாமல் உற்று உற்றுப் பார்ப்பேன். எவளாக வேண்டுமானாலும் இருக்கலாம். எங்கே கண்டாலும் என் நடையை வைத்தே அவள் என்னைக் கண்டுபிடித்திருப்பாள். எதிரில் வந்து உட்கார்ந்தாலும் எனக்கு அவளைத் தெரியாது.